தீவுகளுக்கு நடுவே நான்கு நாள் பாய்மரப் பயணம்: முதன்முறை கிளம்புகிறவர்களுக்கு

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துக் கரையோரத் தீவுகளைச் சுற்றி வரலாம் என்று பேச்சுக் கிளம்பியதும், யாராவது ஒருவர் வரைபடத்தைத் திறந்து எத்தனை தீவு பார்க்கலாம் என்று எண்ண ஆரம்பித்துவிடுவார். பல பயணங்கள் அந்த இடத்திலேயே கெட்டுப்போகின்றன. கடலில் ஒரு நாள் ஒழுங்காக முடிந்ததா என்பதை மாலை நான்கு மணிக்குத்தான் சொல்ல முடியும். அந்நேரத்துக்கு நங்கூரம் நன்றாகப் பிடித்துப் படகு அசங்காமல் நின்றால் நாள் நல்ல நாள். இங்கே சொல்லப்போகும் யோசனைகளில் பெரும்பாலானவை அந்த நான்கு மணியிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்குதான்.

யார் ஓட்டுவது, எந்தப் படகு

குழுவில் ஒருவருக்காவது பாய்மரப் படகு ஓட்டிய பழக்கமும் அதற்கான சான்றிதழும் இல்லையென்றால், படகை ஓட்டி நடத்தும் ஸ்கிப்பரோடு சேர்த்தே படகை எடுங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. படகை மட்டும் தனியாகத் தருகிறவர்கள் பெரும்பாலும் சான்றிதழ் கேட்பார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் ‘இன்டர்நேஷனல் சர்ட்டிஃபிகேட் ஆஃப் காம்பிடன்ஸ்’ செல்லும். வானொலி இயக்குவதற்குத் தனிச் சான்றிதழ் கேட்கும் நாடுகளும் உண்டு. ஸ்கிப்பருக்கும் ஒரு படுக்கையும் மூன்று வேளைச் சாப்பாடும் வேண்டும் என்பதை முதலிலேயே ஆள்கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஓட்டப்போவது உங்கள் நண்பர்தான் என்றால், அவர் மயங்கி விழுந்தாலும் பாயை இறக்கி, என்ஜினைப் போட்டு, வானொலியில் உதவி கேட்கத் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

10 முதல் 12 மீட்டர் நீளமுள்ள படகு ஒரு குழுவுக்குப் போதும். விளம்பரத்தில் எட்டுப் பேர் படுக்கலாம் என்று இருக்கும். சாப்பாட்டு மேஜையை இறக்கிப் படுக்கையாக்குவதையும் சேர்த்த கணக்கு அது. அப்படிப்பட்ட படகில் ஆறு பேர் சமாளிக்கலாம், நான்கு பேர் சுகமாக இருக்கலாம். ஒற்றை உடல் படகா, இரட்டை உடல் கட்டமரனா என்ற கேள்வியும் வரும். கட்டமரன் சாயாது, இடம் தாராளம், ஒரு மீட்டர் சொச்சம் ஆழத்திலேயே மிதக்கும். ஆனால் வாடகை அதிகம், காற்றை எதிர்த்துப் போவதில் மந்தம். ஒற்றை உடல் படகு சாயும். அடியில் இருக்கும் கனத்த கீல் அதை நிமிர்த்திக்கொண்டே இருப்பதால் சாய்வதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அந்தக் கீலுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். பாய் எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால் நான் ஒற்றை உடல் படகைத்தான் சொல்வேன்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது நீச்சல் தெரியுமா, வாகனத்தில் போனால் வாந்தி வருமா, தினசரி மாத்திரை ஏதும் உண்டா என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். செலவுக்கு ஒரு பொதுப்பணம் போட்டு ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். ‘இன்று போக வேண்டாம்’ என்று ஸ்கிப்பர் சொன்னால் அதற்கு மேல் விவாதம் கிடையாது என்பதையும் கரையிலேயே எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

வழியை வரைவது

கடல் மைல் என்பது 1,852 மீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட் வேகம். 10 மீட்டர் படகு நல்ல காற்றில் ஆறேழு நாட் போகும். ஆனால் திட்டம் போடும்போது ஐந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் காலை ஒன்பதரைக்குக் கிளம்பி, நடுவில் ஒரு மணி நேரம் குளிக்க நிறுத்தி, மூன்று மணிக்குள் நங்கூரமிட வேண்டுமென்றால் கையில் இருப்பது நாலரை மணி நேரம். இருபத்திரண்டு மைல் போகலாமே என்று தோன்றும். காற்று எதிரில் இருந்தால் அந்தக் கணக்கு உதைக்கும். எந்தப் பாய்மரப் படகாலும் காற்று வரும் திசைக்கு நேராகப் போக முடியாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, இடம் வலமாக வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். பத்து மைல் தள்ளியுள்ள தீவுக்குப் பதினான்கு மைலுக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். ஆகவே முதல்முறை போகிறவர்களுக்கு நாளொன்றுக்கு 12 முதல் 15 மைல் தாராளம். முதல் நாள் அதில் பாதி. கடைசி இரவு துறைமுகத்துக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருந்துவிட்டால் மறுநாள் காலை அலறியடித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

நாலு நாளும் ஒரே பக்கத்துக் காற்றுதான் என்று முன்னறிவிப்பு சொன்னால், உடம்பில் தெம்பு இருக்கும் முதலிரண்டு நாளில் காற்றை எதிர்த்துப் போய்விட்டு, களைத்தபின் காற்றோடு திரும்புகிற மாதிரி வழியைப் போடுங்கள். ஒவ்வொரு இரவுக்கும் இரண்டு இடம் குறித்து வைத்திருங்கள். காற்று தெற்கே திரும்பினால் ஒதுங்க ஒன்று, வடக்கே திரும்பினால் ஒதுங்க இன்னொன்று.

காற்றின் பலத்தை 1805இல் பிரான்சிஸ் போஃபர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி வகுத்த அளவையில் இன்றும் சொல்கிறார்கள். போஃபர்ட் 4 என்றால் 11 முதல் 16 நாட். கடலில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரியும், பாய்மரப் பயணத்துக்கு அருமையான காற்று. 5 வந்தால் புதியவர்கள் முகம் மாறும். 6, அதாவது 22 நாட்டுக்கு மேல் என்றால் அன்று துறைமுகத்திலேயே சீட்டாடலாம். முன்னறிவிப்பில் வருவது சராசரி வேகம் மட்டும். இடையிடையே வரும் வீச்சு அதைவிட நன்றாகவே கூடும். காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். 10 நாட்டில் ஆனந்தமாகப் போன படகு 20 நாட்டில் ஏன் அப்படி உதறுகிறது என்பதற்கு இதுதான் காரணம். வெயில் காலத்தில் கரையோரங்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுப்பதும் வழக்கம். காலையில் தூரத்தை முடித்துவிட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்தது ஓதம், அதாவது கடல் மட்டத்தின் ஏற்றமும் வற்றமும். பல கரைகளில் தாழ் ஓதத்திலிருந்து உயர் ஓதம் வர ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும்; மறுநாள் அதே ஓதம் சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும். நீர்மட்டம் சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, பிறகு இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி ஏறிவிடும், நீரோட்டமும் அப்போதுதான் மூர்க்கமாக இருக்கும். இரண்டு தீவுகளுக்கு நடுவே குறுகிய கால்வாய் இருந்தால் அந்த நேரத்தைத் தவிருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிது. நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று அதற்கு எதிர்ப்பக்கமும் இருந்தால், சாதாரணக் காற்றிலேயே அலை செங்குத்தாக எழும்பும்.

கடல் வரைபடத்தை டேப்லெட்டில் பார்க்கிறவர்கள் ஒரு சம்பவத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். 2014 நவம்பர் 29 அன்று, வோல்வோ ஓஷன் ரேஸ் உலகச் சுற்றுப் போட்டியில் ஓடிக்கொண்டிருந்த டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்காடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் இரவு நேரத்தில் முழு வேகத்தில் மோதியது. ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள். மின்னணு வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் அந்த ஆபத்து அவர்கள் கண்ணில் சரியாகப் படவில்லை. உலகத்தரப் போட்டியாளர்களுக்கே இப்படி. சிறிதாக்கிய திரையில் பாறைகள் மறைந்துபோகும். எனவே முந்தின இரவே மறுநாள் போகும் கோட்டை விரலால் பெரிதாக்கிக்கொண்டே முழுக்க ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

திரை ஒருபுறம் இருக்கட்டும், கண்ணும் வேண்டும். தெளிந்த கடலில் கருநீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் ஆழமில்லாத மணல், பழுப்பு என்றால் பாறையோ பவளமோ தண்ணீருக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. இந்த நிறமெல்லாம் வெயில் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருந்தால்தான் தெரியும். சாயங்கால வெயிலுக்கு எதிரே போனால் கடல் முழுக்க ஒரே வெள்ளித் தகடு, எதுவும் தெரியாது.

படகைக் கையில் வாங்கும்போது

படகுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் அவசரத்தில் இருப்பார். விடாதீர்கள். கீறல், ஓட்டை, கிழிந்த பாய் எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். முன்பணம் முழுசாகத் திரும்ப வருவதற்கு அது ஒன்றே சாட்சி. என்ஜினைப் போட்டுப் பின்பக்கக் குழாயில் குளிரூட்டும் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். நங்கூரம் இழுக்கும் மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். சங்கிலி மொத்தம் எத்தனை மீட்டர், ஆழமானி காட்டும் எண் கீலுக்குக் கீழேயா, நீர்மட்டத்திலிருந்தா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியின் விடை இரண்டு மீட்டர் வித்தியாசம், தரைதட்டுவதற்கு அது போதும்.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியே போகாமல் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். சமைத்து முடித்ததும் சிலிண்டர் வால்வை மூடுவதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். கழிப்பறைக் குழாய் விரல்கள் சில நுழையும் அகலம்தான். நீங்கள் சாப்பிட்டுச் செரித்தது தவிர வேறெதுவும் அதில் போகக்கூடாது. அடைத்துக்கொண்டால் அதைப் பிரிக்கப்போவது உங்களில் ஒருவர்.

லைஃப் ஜாக்கெட்டை ஒவ்வொருவரும் போட்டு, தன் உடம்புக்குப் பட்டையை இறுக்கி, கால்களுக்கு இடையே வரும் பட்டையையும் மாட்டிப் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலேறி முகத்தை மூடிவிடும். விஎச்எஃப் வானொலியில் அவசரத்துக்கு அலைவரிசை 16. குறைந்தது மூன்று பேருக்கு அதை இயக்கத் தெரிய வேண்டும்: சிவப்பு மூடிக்குக் கீழே உள்ள பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடிப்பது, பிறகு 16இல் ‘மேடே’ என்று மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். இதை ஒரு தாளில் எழுதி வானொலிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். செல்பேசி சிக்னலை நம்பிப் போக வேண்டாம்.

மூட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மடக்கக்கூடிய துணிப்பை, கறுப்புத் தடம் பதிக்காத ரப்பர் அடிச் செருப்போ ஷூவோ, காற்று புகாத ஒரு மேல்சட்டை, தொப்பி, தலையில் மாட்டும் விளக்கு. சக்கரம் வைத்த பெட்டியைக் கொண்டு வந்தால் நாலு நாளும் அதோடுதான் படுக்க வேண்டும்.

பாய் ஏற்றுவது

என்ஜினில் துறைமுகத்தைத் தாண்டி, இடம் அகலமானதும் படகின் முன்முனையான அணியத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்துங்கள். அப்போதுதான் பெரிய பாய் காற்றை வாங்காமல் கொடி மாதிரி படபடக்கும், ஏற்ற முடியும். அது ஏறியதும் படகைக் காற்றிலிருந்து விலக்கி, முன்பாயை விரித்து, என்ஜினை நிறுத்துங்கள். அந்த நிமிடத்தில் வரும் நிசப்தத்துக்காகத்தான் பலர் மறுபடியும் மறுபடியும் கடலுக்கு வருகிறார்கள்.

பாயை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று குழம்பாதீர்கள். பாய்க்கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே பாயின் முன்விளிம்பைப் பாருங்கள். ஒரு கட்டத்தில் அந்த விளிம்பு மட்டும் உள்ளே குழிந்து நடுங்கும். அந்த நடுக்கம் நிற்கும் வரை இழுத்து, அங்கேயே கட்டுங்கள். புதியவர்கள் எப்போதும் அளவுக்கு மீறி இழுத்துக் கட்டுவார்கள். படகு சாய்ந்துகொண்டு நிற்கும், ஓடாது.

பெரிய பாயின் அடியில் உள்ள பூம் என்ற நீளமான தண்டுதான் படகில் ஆளை அடிக்கும் முதல் எதிரி. அணியம் காற்றைக் கடந்து திரும்பும்போது அது நிதானமாகப் பக்கம் மாறும். பின்பக்கம் காற்றைக் கடக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் ஒரே வீச்சில் எதிர்ப்பக்கம் போய் அறையும். எனவே திரும்புவதற்கு முன் சுக்கான் பிடித்தவர் உரக்கக் கேட்க வேண்டும், எல்லோரும் ‘தயார்’ என்று சொல்லித் தலையைக் குனிந்தபின்தான் சுக்கானைத் திருப்ப வேண்டும். கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான விஞ்சில் கயிறு சுற்றும்போது பெருவிரல் உள்ளே மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் வந்த உடனே சுருக்கிவிடுங்கள். காற்று குறைந்தால் மறுபடி விரிக்க ஐந்து நிமிடம். காற்று ஏறியபின் சுருக்குவது ஒரு போராட்டம்.

குமட்டல் வருகிறவர்கள் மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், வந்தபின் போட்டுப் பயனில்லை. உள்ளே போய்ப் படுக்காமல் வெளியே உட்கார்ந்து அடிவானத்தைப் பார்க்கட்டும். சுக்கானை அவர் கையில் கொடுத்தால் பாதிப் பேருக்கு அதுவே சரியாகிவிடும்.

வழிவிடும் விதிகள் 1972இல் வகுத்த சர்வதேச ஒப்பந்தத்தில் இருக்கின்றன. இரண்டு பாய்மரப் படகுகள் எதிர்ப்பட்டால், இடப்பக்கம் காற்று வாங்கும் படகு விலக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பக்கக் காற்று என்றால் காற்று வரும் திசையில் இருப்பது விலக வேண்டும். முந்துகிறவர் எப்போதும் விலக வேண்டும். வலை இழுக்கும் மீன்பிடிப் படகுக்குப் பாய்மரப் படகு வழிவிட்டே ஆக வேண்டும். பாய் விரித்திருந்தாலும் என்ஜின் ஓட்டத்தில் இருந்தால் நீங்கள் விசைப்படகுதான். பெரிய கப்பல் என்றால் விதியைப் பேசிக்கொண்டிருக்காமல் ஒதுங்கிவிடுங்கள். கடலிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும்போது உலகின் பெரும்பகுதியில் சிவப்பு மிதவை உங்கள் இடப்பக்கம் இருக்கும். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் பக்கம் அது தலைகீழ்.

நங்கூரம்

மூன்று மணி வாக்கில் குடாவுக்குள் வந்துவிட்டீர்கள். உடனே போடாதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றி, ஆழத்தைப் பார்த்து, ஏற்கெனவே நிற்கிற படகுகள் எவ்வளவு சங்கிலி விட்டிருக்கின்றன என்று கேளுங்கள். முதலில் வந்தவருக்குத்தான் அங்கே முன்னுரிமை. நீங்கள்தான் தள்ளி நிற்க வேண்டும். இரவில் காற்றுத் திரும்பினால் எல்லாப் படகும் தன் நங்கூரத்தைச் சுற்றி வட்டமடிக்கும், அந்த வட்டங்கள் உரசக்கூடாது.

மணலும் சேறும் நங்கூரத்துக்கு நல்ல தரை. பாசி படர்ந்த இடத்தில் வழுக்கும், பாறையில் மாட்டிக்கொண்டு வராது. பவளத்தின் மேலும் கடற்புல்லின் மேலும் போடவே கூடாது. பல நாடுகளில் அது குற்றம்.

சங்கிலியின் நீளத்தைக் கணக்கிடுவோம். நீரின் ஆழம் 4 மீட்டர். இரவில் ஓதம் இன்னும் 2 மீட்டர் ஏறும். அணியம் நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர். மொத்தம் 7. முழுக்கச் சங்கிலி என்றால் அதைப் போல ஐந்து மடங்கு, 35 மீட்டர் விடுங்கள். சங்கிலியோடு கயிறும் சேர்ந்தது என்றாலோ, காற்று ஏறும் என்று தெரிந்தாலோ ஏழு மடங்கு. நங்கூரம் பிடிப்பது அதன் கனத்தால் மட்டுமில்லை. தரையோடு கிடையாக இழுபடும்போதுதான் அதன் மூக்கு மண்ணுக்குள் இறங்கும். சங்கிலி குறைந்தால் இழுவை மேல்நோக்கி வந்து நங்கூரத்தைப் பிடுங்கிவிடும்.

போடும் முறை இது. அணியத்தைக் காற்றுக்கு நேராக வைத்து மெதுவாக முன்னேறி, படகு முழுவதும் நின்றதும் நங்கூரத்தை இறக்குங்கள். படகு காற்றில் பின்னால் ஒதுங்க ஒதுங்கச் சங்கிலியை விடுங்கள். ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டாதீர்கள். சங்கிலி ஓடும்போது கையும் காலும் அதற்குக் கிட்டே போகக்கூடாது. முழு நீளமும் விட்டபின் என்ஜினைப் பின்னோட்டத்தில் மெல்லப் போட்டு, படிப்படியாகக் கூட்டுங்கள். அப்போது அணியத்தில் இருப்பவர் இறுகிய சங்கிலியின் மேல் உள்ளங்கையை லேசாக வைத்துப் பார்க்கட்டும். நங்கூரம் பிடித்திருந்தால் கையில் ஒரே சீரான இறுக்கம் தெரியும். தரையில் இழுபட்டு வந்தால் தடதடவென்று ஓர் அதிர்வு ஏறி வரும். அதிர்வு நிற்கவில்லையா, எடுத்து மறுபடி போடுங்கள். பிறகு கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பாறையையும் நேர்க்கோட்டில் பிடித்து வையுங்கள். அந்தக் கோடு கலைந்துகொண்டே போனால் படகு நகர்கிறது என்று அர்த்தம். செல்பேசியில் நங்கூர அலாரமும் வைத்துவிடுங்கள். நங்கூரமிட்டு நிற்கிறீர்கள் என்று மற்றவர்களுக்குத் தெரிய, பகலில் ஒரு கறுப்பு உருண்டையையும் இரவில் நாலாபக்கமும் தெரியும் வெள்ளை விளக்கையும் மாட்டுங்கள்.

என்ஜின் சத்தத்தில் அணியத்தில் இருப்பவர் கத்துவது சுக்கான் பிடித்தவருக்குக் கேட்காது. நட்பு முறிவது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தில்தான். முன்னே போ, பின்னே போ, நிறுத்து, இடம், வலம் என்று ஐந்து கைச்சைகைகளைக் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மணிக்கு முன்பே இதையெல்லாம் முடிக்கச் சொல்வதற்குக் காரணம், முதல்முறை பிடிக்காமல் போகலாம், இரண்டாம் முறையும் போகலாம், இடமே சரியில்லை என்று அடுத்த குடாவுக்கும் போக வேண்டி வரலாம். வெளிச்சம் இருந்தால் அது அலுப்பு மட்டும். இருட்டிவிட்டால் ஆபத்து.

ஆள் விழுந்துவிட்டால்

பார்த்தவர் கத்த வேண்டும், மிதவையை எறிய வேண்டும். ஒருவர் வேறெந்த வேலையும் செய்யாமல், விழுந்தவரை விரலால் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அலையில் ஒரு தலை நொடியில் மறைந்துவிடும். ஜிபிஎஸ்ஸில் அதற்கென்று உள்ள பொத்தானை அழுத்தினால் இடம் பதிவாகும். என்ஜினைப் போடுமுன் தண்ணீரில் கயிறு எதுவும் தொங்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், படகை உந்தும் விசிறியில் சுற்றினால் என்ஜினும் போச்சு. ஆளை நெருங்கியதும் கியரை விடுவித்துவிடுங்கள். நனைந்து களைத்தவரைக் கையால் தூக்குவது நினைப்பதைவிடக் கடினம். பாய் ஏற்றும் கயிற்றை அவர் ஜாக்கெட்டில் மாட்டி விஞ்சால் இழுங்கள். முதல் நாளே ஒரு பழைய மிதவையை எறிந்து இதைப் பழகிப் பாருங்கள். இரவிலும், 15 நாட்டுக்கு மேல் காற்றிலும், தனியாக மேல்தளத்தில் நடக்கும்போதும் ஜாக்கெட் கட்டாயம். நடக்கையில் ஒரு கை படகைப் பிடித்தே இருக்க வேண்டும். துறையில் இறங்குகிறவர் தாவக்கூடாது. ஒரு கால் படகிலும் ஒரு கால் துறையிலுமாக நின்றால் நடு இடைவெளி விரியத்தான் செய்யும். படகு நெருங்கி ஒட்டியபின் எட்டு வைத்து இறங்கினால் போதும்.

திரும்பும் நாள்

கொடுக்க வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்துக்குள் வாருங்கள். டீசல் நிரப்பும் இடத்தில் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கும். கழிவுத்தொட்டியைக் காலி செய்வதானால் அதற்கென்று உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும், குடாவுக்குள் திறந்துவிடக் கூடாது. வழியில் எதாவது உடைந்திருந்தால், தரை தட்டியிருந்தால், நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கீலில் விழுந்த அடி தெரியாமல் அடுத்த குழு அதே படகில் கிளம்பும். படுக்கைக்கு அடியில், சமையல் அலமாரியின் மூலையில், காக்பிட் பெட்டிகளில் ஒருமுறை கைவிட்டுத் தேடிப் பாருங்கள். மூக்குக்கண்ணாடியும் செல்பேசி சார்ஜரும் எப்போதும் அங்கேதான் கிடக்கும்.